டெஃப்லான் ராடு என்றால் எந்த டெஃப்லான்? (அமோனியா வால்வு சீட்டில் தொடங்கிய இழை)

கேள்வி, 2 ஜூன்

தக்கலையில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பாலைச் செறிவாக்கும் ஆலை ஒன்றில் அமோனியா லைனின் பந்து வால்வுகளுக்குச் சீட் வளையம் (பந்தோடு ஒட்டி உட்கார்ந்து கசிவை அடைப்பது) கடைந்து தரக் கேட்டிருக்கிறார்கள். கடையில் வெள்ளை, கறுப்பு, பழுப்பு என மூன்று நிறங்களில் டெஃப்லான் ராடு இருக்கிறது. பழுப்புதான் உறுதியானது, விலையும் அதற்கே கூடுதல், அதையே வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். எல்லாம் டெஃப்லான்தானே, உறுதியானதை எடுத்தால் என்ன? விவரம் தெரிந்த அண்ணாச்சிகள் சொல்லவும்.

2 ஜூன், இரவு

தம்பி, பழுப்பு ராடை வாங்காதீர்கள். அந்தப் பழுப்பு வெண்கலத் தூளின் நிறம். பி.டி.எஃப்.இ. (டெஃப்லானின் வேதிப் பெயர்ச் சுருக்கம்) பொடியோடு எடையில் 40 அல்லது 60 சதவீதம் வெண்கலம் கலந்து செய்வது அது. வெண்கலத்தில் இருப்பது செம்பு. அமோனியாவும் ஈரமும் காற்றும் சேரும் இடத்தில் செம்பு தங்காது.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கோட்டாற்றில் பட்டறை தொடங்கி மூன்றாம் ஆண்டில், மேற்குக் கரையின் ஐஸ் ஆலை ஒன்றுக்கு அமோனியா வால்வின் தண்டில் போடும் பேக்கிங் வளையங்களை வெண்கலம் கலந்த ராடில் கடைந்து கொடுத்தேன். தேய்மானத்துக்கு அதுவே சிறந்தது என்று எனக்கும் ஒருவர் சொல்லியிருந்தார். நான்கே மாதத்தில் கசிவு தொடங்கியது. ஆலையின் ஃபிட்டர் வளையத்தை ஒரு துணியில் பொதிந்து கொண்டுவந்து மேசையில் வைத்து, "அண்ணாச்சி, இது பச்சை பூத்துக் கெடக்கு" என்றார். வெளிப்பக்க விளிம்பில் நீலம் கலந்த பச்சை படர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டியபோது வெண்கலத் துகள் இருந்த இடங்களெல்லாம் குழிகுழியாக, கரையான் அரித்த மரம் போல இருந்தது. பி.டி.எஃப்.இ. அப்படியேதான் இருந்தது, அதற்குள் வைத்த வெண்கலம்தான் போயிருந்தது. அந்த ஆலையில் யாருக்கும் மூச்சு முட்டவில்லை என்பது ஒன்றே அன்று எனக்கு ஆறுதல்.

கறுப்பு ராடு 25 சதவீதம் கார்பன் கலந்ததாக இருக்கலாம். உங்கள் வேலைக்கு அதை வாங்குங்கள்.

3 ஜூன்

நேற்று அவசரத்தில் எழுதியதில் இரண்டு இடங்களைச் சரிசெய்ய வேண்டும்.

முதலாவது, ரப்பர் பால் ஆலையின் அமோனியா லைனில் அழுத்தம் ஐஸ் ஆலை கம்ப்ரசரின் அளவுக்கு இராது. பந்து வால்வின் சீட், பந்தின் மேல் மென்மையாகப் பதிந்து அடைக்க வேண்டிய பொருள். கார்பன் கலந்த ராடு கடினமானது. குறைந்த அழுத்தத்தில் அது பந்தோடு ஒட்டி உட்காரத் தயங்கும். ஆகவே கலப்பில்லாத வெர்ஜின் வெள்ளை ராடே உங்களுக்குப் பொருத்தம். அழுத்தமும் சூடும் கூடுதலாக உள்ள வால்வுகளுக்குக் கார்பனை ஒதுக்கி வையுங்கள்.

இரண்டாவது, கறுப்பாக இருப்பதெல்லாம் கார்பன் அல்ல. கிராஃபைட் கலந்ததும், கண்ணாடி இழையோடு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்ததும் கருமையாகவோ கருஞ்சாம்பலாகவோதான் இருக்கும். நிறத்தைப் பார்த்து வாங்கினால் எனக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேரும். என்ன கலப்பு, எத்தனை சதவீதம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

4 ஜூன்

"வெள்ளையாக இருந்தால் வெர்ஜின் என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கூடாது. வெள்ளை ராடு என்ற பெயரில் நைலான், டெல்ரின், உயர் மூலக்கூற்று எடை பாலிஎதிலீன் ஆகியவை பழைய இரும்புக் கடைகளில் கலந்து கிடக்கின்றன. தொட்டுப் பார்த்தால் பாலிஎதிலீனும் மெழுகு போல வழுக்கும், கை ஏமாந்துவிடும்.

நான் செய்யும் சோதனை எளியது. ராடின் நுனியில் சுண்டுவிரல் நகமளவு சீவல் எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் போடுவேன். மேற்பரப்பில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் டெஃப்லானும் மிதப்பது போலத் தோன்றும் என்பதால், விரலால் அழுத்தி முழுதாக நனைக்க வேண்டும். மிதந்தால் அது பாலிஎதிலீன். அதன் அடர்த்தி 0.93 அளவு. மூழ்கினால் அடுத்ததாக உப்புக் கரைசலில் போட வேண்டும். புத்தளம், சாமிதோப்புப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்பளப் பாத்தியின் கடைசி நீரே கிடைக்கும். மற்றவர்கள் இனி கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்துக்கொள்ளலாம். அதன் அடர்த்தி 1.2. நைலான் 1.14 என்பதால் அதில் மிதக்கும். டெல்ரின் 1.41, பி.வி.டி.எஃப். (ஃபுளோரின் சேர்ந்த இன்னொரு பிளாஸ்டிக்) 1.78, பி.டி.எஃப்.இ. 2.13 முதல் 2.20 வரை, எல்லாம் மூழ்கும்.

மூழ்கியவற்றுள் எது எது என்பதற்குத் தராசு இருக்கிறது. 50 மி.மீ. விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள வெர்ஜின் டெஃப்லான் ராடு 4.2 கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். அதே அளவில் பி.வி.டி.எஃப். மூன்றரைக் கிலோ. 60 சதவீத வெண்கலம் கலந்தது ஏழரைக் கிலோவைத் தாண்டும். டெஃப்லானைக் கிலோக் கணக்கில் விற்பதால், வெண்கல ராடு வாங்குபவர் அதே நீளத்துக்கு ஏறத்தாழ இரு மடங்கு எடைக்குப் பணம் கொடுக்கிறார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5 ஜூன்

வெர்ஜின் என்று உறுதியான பின்னும் ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது. அது ராடு பிறக்கும் முறையில் இருக்கிறது, நம் ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பதும் எளிது.

மற்ற பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி வார்ப்பார்கள். பி.டி.எஃப்.இ. 327 பாகை செல்சியஸில் உருகினாலும் ஓடாது. கண்ணாடி போலத் தெளிந்து, இருந்த வடிவத்திலேயே பசையாக நிற்கும். எனவே பொடியை அழுத்தித் திரட்டி, பிறகு 370 பாகைக்கு மேல் சுட்டு ஒட்டவைக்கிறார்கள். சிறு விட்ட ராடுகளுக்கு இதைச் செய்யும் விதம் புட்டு அவிப்பதைப் போன்றது. ஒரு நீண்ட குழாயின் மேல்முனையில் ஒரு கைப் பொடியைப் போட்டு உலக்கையால் குத்துவார்கள். அதன்மேல் அடுத்த கைப் பொடி, அடுத்த குத்து. குழாயைச் சுற்றிலும் வெப்பம் இருப்பதால் கீழிறங்கும் பொடி வெந்து, மறுமுனையில் முழு ராடாக வெளியே வரும். புட்டில் தேங்காய்ப்பூ வைத்த இடத்தில் துண்டு பிரிவது போல, இதிலும் ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் இடையிலுள்ள தளம்தான் பலவீனம். நல்ல ஆலையில் அந்தத் தளம் தெரியவே தெரியாது. மட்டமான ராடை இரு கைகளாலும் வளைத்தால் வட்டவட்டமாக, சீராக அரிந்த வாழைக்காய்த் துண்டு போலப் பிரிந்துவிடும்.

இதனால்தான் மெல்லிய சுவருள்ள வளையம் கடைவதற்கு முன் ராடின் நுனியில் 3 மி.மீ. கனத்தில் ஒரு வில்லையை அறுத்து, இரு விரலால் மடக்கிப் பார்க்கிறேன். நல்லது மடங்கும், மடங்கிய இடம் பால் வெண்மையாக மாறும், உடையாது. பெரிய விட்டங்களுக்கு அச்சில் ஒரே அழுத்தமாக அழுத்திச் சுட்ட ராடு கிடைக்கும். அதில் இந்தத் தளங்கள் இரா, விலை கூடுதல், நீளம் குறைவு.

கடைகளில் மெக்கானிக்கல் கிரேடு என்று மலிவாகக் கொடுப்பது பெரும்பாலும் கடைசல் சீவலை மீண்டும் பொடியாக்கிச் சுட்டது. சாம்பல் நிறப் புள்ளிகள் தெரியும். நாற்காலிக் காலுக்கு அடியிலோ சறுக்குப் பட்டையாகவோ போட அது போதும், வால்வு சீட்டுக்குப் போதாது.

5 ஜூன், மாலை

ஒரு திருத்தம். பட்டறைகளில் நாம் எல்லோரும் "டெஃப்லானை எதுவும் தொடாது" என்று சொல்கிறோம். உருகிய சோடியம் போன்ற கார உலோகங்கள் தொடும். ஃபுளோரின் வாயு உயர் வெப்பத்தில் தொடும். சோடியம் தொடுவதை நாமே பயன்படுத்திக்கொள்கிறோம்: டெஃப்லானின் ஒரு முகத்தைச் சோடியக் கரைசலில் தோய்த்தால் அது பழுப்பாகி, பசையும் ரப்பரும் ஒட்டும். ஒரு பக்கம் மட்டும் பழுப்பாக இருக்கும் தகட்டை வெண்கலம் என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள்.

8 ஜூன்

கலப்புகளைப் பற்றித் தனித்தனியாகக் கேட்கிறார்கள். கலப்பில்லாத பி.டி.எஃப்.இ.க்கு உராய்வு மிகக் குறைவு, ஆனால் தேய்மானம் மிக அதிகம். வழுக்குவதும் தேயாமல் இருப்பதும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். வெர்ஜின் ராடில் புஷ் போட்டு ஒரு தண்டைச் சுழலவிட்டால், சத்தமில்லாமல் அழகாக ஓடும், சில வாரங்களில் புஷ் முட்டை வடிவமாகியிருக்கும். கலப்புச் சேர்த்தால் தேய்மானம் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்ற அளவில் குறைகிறது.

கண்ணாடி இழை 15 அல்லது 25 சதவீதம் கலந்தது வால்வு சீட்டுகளில் அதிகம் ஓடுகிறது. அமிலத்துக்கும் எண்ணெய்க்கும் தாங்கும். ஆனால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் சூடான கடுங்காரமும் கண்ணாடியைத் தின்னும், மென்மையான தண்டை அந்த இழை கீறிவிடும். துருப்பிடிக்காத எஃகுத் தண்டு நீரில் சுழலும் இடத்தில் நான் கண்ணாடி போடுவதில்லை. அங்கே கார்பன் தான். ஈரத்திலும் உலர்விலும் அது நிற்கும், கடையும்போது டூலின் முனையை விரைவாக மழுக்கும் என்பது ஒன்றே குறை. வெண்கலம் ஹைட்ராலிக் எண்ணெயில் ஓடும் பிஸ்டன் வளையங்களுக்கு மிக நல்லது, ஏனென்றால் பி.டி.எஃப்.இ. கடத்தாமல் தேக்கிவைக்கும் சூட்டை வெண்கலம் வெளியே எடுத்துச் செல்கிறது. எண்ணெயில் வாழ்வதற்குப் பிறந்த பொருளை நான் அமோனியாவில் போட்டேன், அவ்வளவுதான் நடந்தது.

மின்காப்புக்கு வேண்டுமென்றால் இவற்றில் எதுவும் கூடாது. கார்பனும் வெண்கலமும் கடத்தும். மின்காப்புக் கோப்பைகள், இணைப்பிகள் எல்லாம் வெர்ஜின் ராடில் மட்டும். அதன் மின்காப்பு மாறிலி (டைஎலெக்ட்ரிக் கான்ஸ்டன்ட்) 2.1, திடப் பிளாஸ்டிக்குகளில் மிகக் குறைந்தவற்றுள் ஒன்று, தண்ணீரையும் அது உறிஞ்சுவதில்லை.

10 ஜூன்

கேள்வி கேட்ட தம்பி ஒரு வளையத்தைக் கடைந்து, "மாலையில் சரியாக இருந்த அளவு காலையில் மாறியிருக்கிறது, மைக்ரோமீட்டர் கெட்டுவிட்டதா?" என்று எழுதியிருக்கிறார். மைக்ரோமீட்டர் நன்றாகத்தான் இருக்கும். டெஃப்லான் சூட்டில் விரியும் அளவு எஃகைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. 50 மி.மீ. விட்டத்தில் 7 பாகை மாறினாலே 0.04 மி.மீ. ஓடிவிடும். வரைபடங்களில் குறிக்கும் அளவு பெரும்பாலும் 23 பாகைக்கு. நம் பட்டறைத் தகரக் கூரைக்குக் கீழே நண்பகலில் 33 இருக்கும்.

இதோடு முடியவில்லை. பி.டி.எஃப்.இ.யின் படிக அமைப்பு 19 பாகையை ஒட்டி மாறுகிறது, அப்போது கொள்ளளவு ஏறத்தாழ 1 சதவீதம் சட்டென்று மாறும். விட்டத்தில் அது மூன்றில் ஒரு பங்காக, 50 மி.மீ. வளையத்தில் 0.15 மி.மீ.க்கு மேல் வரும். நாகர்கோவிலில் பகல் வெப்பம் 19க்குக் கீழே போவதில்லை என்பதால் பட்டறையில் இதை நாம் பார்ப்பதே இல்லை. ஐஸ் ஆலையில் வளையம் ஒவ்வொரு நாளும் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. திரவ அமோனியா காற்றழுத்தத்தில் −33 பாகையில் கொதிப்பது, லைனில் அது விரியும் இடத்தில் உள்ள சீட் அந்தக் குளிரைப் பார்க்கும். சூட்டில் இறுக்கமாக உட்காரவைத்த வளையம் குளிரில் சுருங்கித் தளர்ந்து கசியும்.

இந்த மாதத்தில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் ஐஸ் ஆலைகளும் வால்வுகளைக் கழற்றுகின்றன. அந்த வேலை எடுப்பவர்கள் கடைந்த வளையத்தை ஆலையின் குளிர் அறையில் ஓர் இரவு வைத்து, அங்கேயே அளந்து பாருங்கள்.

13 ஜூன்

"மகேந்திரகிரியில் திரவ ஆக்சிஜன் வால்வுகளுக்கு டெஃப்லான்தானே போடுவார்கள்?" என்று ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். அங்கே, இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை மையத்தில், எந்த வால்வில் எது என்று சொல்வதற்கு நான் ஆளில்லை. பொதுவாகச் சொல்லலாம்: −183 பாகையில் உள்ள திரவ ஆக்சிஜனுக்கு பி.சி.டி.எஃப்.இ. என்ற இன்னொரு ஃபுளோரோபாலிமர் (ஃபுளோரின் சேர்ந்த பிளாஸ்டிக்) சீட்டுகளாக நெடுநாளாகப் பயன்படுகிறது. அதில் ஃபுளோரின் அணுக்களுக்கு இடையே ஒரு குளோரின் இருக்கிறது. அதனால் அது பி.டி.எஃப்.இ.யைவிடக் கடினமானது, அழுத்தத்தில் வழிந்து நகராது, வாயுவை ஊடுருவ விடாது. உருகுவது 210 பாகையை ஒட்டி, ஆகவே சூட்டு வேலைக்கு வராது. விலை அதிகம் என்பதால் நம் பட்டறைகளுக்கு வருவது அரிது.

பி.வி.டி.எஃப். நமக்கு அறிமுகமானது. இழுவிசையில் பி.டி.எஃப்.இ.யைவிட ஏறத்தாழ இரு மடங்கு உறுதி, திருகு வெட்டினால் சுத்தமாக நிற்கும், 150 பாகை வரை தாங்கும். அமிலக் குழாய் இணைப்புகளுக்கு அழகான பொருள். ஆனால் காரங்களும் அமீன்களும் அதைப் பழுப்பாக்கி விரிசல் விடவைக்கும், அசிட்டோன் அதை ஊறவைக்கும். உறுதியானது என்று யாராவது அமோனியா லைனுக்கு இதைப் பரிந்துரைத்தால் ஏற்காதீர்கள். அதே குடும்பத்தின் பி.எஃப்.ஏ. 260 பாகை வரை பி.டி.எஃப்.இ.க்கு நிகராகத் தாங்கி, உருக்கி வார்க்கவும் இடம் கொடுக்கும், இன்னொரு உறவான எஃப்.இ.பி.யின் எல்லை 200.

டெஃப்லான் கண்டுபிடிக்கப்பட்ட கதையையும் அந்த மாணவருக்காகச் சேர்க்கிறேன். 1938 ஏப்ரல் 6 அன்று ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்பதன வாயு ஒன்றுக்கான ஆய்வில், வாயு வராமல் போன ஒரு சிலிண்டரை எடை போட்டார். எடை குறையவில்லை. அறுத்துப் பார்த்தபோது உள்ளே வெள்ளைப் பொடி இருந்தது. இரண்டாம் உலகப்போரில் யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு செல்லும் குழாய்களில் கசிவை அடைக்கும் பாகங்களில்தான் அது முதலில் பெரிய வேலை பார்த்தது. வாயு வராத சிலிண்டரைத் தூக்கிப் போடாமல் எடை போட்ட அந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன்.

16 ஜூன்

இதைத் தனியாக எழுத வேண்டும். டெஃப்லான் சீவலை எரிக்காதீர்கள்.

கடையும்போது நீண்ட வெள்ளை நாடாவாகச் சீவல் சுருண்டு விழும், கூடை நிறைந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் என் பட்டறைப் பையன் ஒருவன் தேங்காய்ச் சிரட்டையோடு சேர்த்து அதைக் கொளுத்திவிட்டான். அன்று இரவு அவனுக்குக் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் நெஞ்சு இறுக்கமும் வந்தன. ஊரில் காய்ச்சல் பரவியிருந்த காலம், அதுவென்றே வீட்டில் நினைத்தார்கள். இரண்டாம் நாள் தானாக விட்டுப் போனபின்தான் எனக்கு விளங்கியது. பி.டி.எஃப்.இ. 400 பாகையைத் தாண்டிச் சிதையும்போது ஹைட்ரஜன் ஃபுளோரைடும் அதனினும் கொடிய வாயுக்களும் வெளிவருகின்றன. சிறு அளவில் சுவாசித்தாலே பாலிமர் புகைக் காய்ச்சல் வரும், பெரிய அளவு நுரையீரலைக் கெடுக்கும். விரலில் ஒட்டிய டெஃப்லான் தூள் பீடியின் நெருப்பில் சிதைவதே அதற்குப் போதும். எங்கள் பட்டறையில் லேத் பக்கத்தில் பீடி, சிகரெட் கிடையாது. கை கழுவாமல் வெளியே போயும் பிடிக்கக்கூடாது. சீவலைச் சாக்கில் கட்டி மறுசுழற்சிக்கு வாங்குபவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

17 ஜூன்

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு, "அப்படியானால் ராடைத் தொடுவதே ஆபத்தா, பி.எஃப்.ஓ.ஏ. என்கிறார்களே?" என்று ஒருவர் கேட்கிறார். சுட்டு முடித்த ராடு கையில் இருக்கும்போது அசையாத பொருள். உடலுக்குள் வைக்கும் செயற்கை இரத்தக் குழாய்களையே பி.டி.எஃப்.இ.யில் செய்கிறார்கள். பி.எஃப்.ஓ.ஏ. என்பது பி.டி.எஃப்.இ. தயாரிப்பின் ஒரு முறையில் துணைப்பொருளாகச் சேர்க்கப்பட்டது. 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை விலக்கும் பட்டியலில் வைத்தது. ராடுக்கான குருணைப் பொடி பெரும்பாலும் வேறு முறையில் வருகிறது. ஆலையைச் சுற்றியுள்ள நீரும் மண்ணும் பட்ட கேடு உண்மையானது, அதைச் சிறிதாக்கிப் பேச நான் விரும்பவில்லை.

22 ஜூன்

10ஆம் தேதிக் குறிப்பில் அளவு மாறுவதற்கு வெப்பத்தை மட்டும் சொன்னேன். தம்பி அனுப்பிய படத்தைப் பார்த்தபின் இன்னொரு காரணமும் தெரிகிறது. வளையத்தின் வெளிவிளிம்பு மூன்று இடத்தில் லேசாக மேடாக இருக்கிறது. மூன்று தாடைச் சக்கில் உலோகத்தைப் பிடிக்கும் அதே இறுக்கத்தில் பிடித்திருக்கிறார். தாடைக்குள் நசுங்கிய நிலையில் துளை வட்டமாகக் கடையப்படுகிறது, சக்கைத் தளர்த்தியதும் பொருள் பழைய இடத்துக்குத் திரும்பி, துளை முக்கோணச் சாயல் கொள்கிறது. ராடின் மேல் பிளந்த பித்தளை உறை ஒன்றைப் போட்டு, அதன்மேல் மென்மையாகப் பிடியுங்கள். டூலைச் சவரக்கத்தி போலத் தீட்டுங்கள். முதலில் அரை மி.மீ. மிச்சம் வைத்துக் கடைந்து, ஒரு நாள் சும்மா கிடக்கவிட்டு, பிறகு இறுதி அளவுக்கு வாருங்கள். உள்ளே தேங்கிய இழுவிசை அந்த ஒரு நாளில் வெளியே வந்துவிடும்.

இதே மென்மை வால்வுக்குள்ளும் தொடரும். அழுத்தத்தின் கீழ் டெஃப்லான் மெல்ல மெல்ல வழிந்து நகரும். பட்டையான முகத்துக்கு இடையே வெறுமனே வைத்து போல்ட்டை முறுக்கினால் இரண்டு வாரத்தில் இறுக்கம் போய்விடும். மறுபடி முறுக்கினால் மறுபடி வழியும். வழிய இடமில்லாதபடி நான்கு பக்கமும் உலோகம் அடைத்த பள்ளத்தில் அதை உட்காரவைக்க வேண்டும். உங்கள் வால்வில் சீட்டின் பள்ளம் அரித்துத் தேய்ந்திருந்தால், வளையத்தை எவ்வளவு நன்றாகக் கடைந்தாலும் நிற்காது. அந்தப் பள்ளத்தின் ஆழத்தையும் அளந்து எழுதுங்கள்.

29 ஜூன்

பள்ளத்தின் ஆழம் 4.2 மி.மீ. என்று பதில் வந்திருக்கிறது, பழைய சீட்டின் கனம் 4.0 என்கிறார். ஆகவே ஒரு பக்கம் 0.2 மி.மீ. தேய்ந்திருக்கிறது. வளையத்தை 4.2 அளவுக்குத் தடிமனாக்கி அதை ஈடுகட்ட வேண்டாம், பந்துக்கும் சீட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வால்வு உடலின் பள்ளத்தை லேத்தில் ஒரு முறை சமன்செய்து, புதிய ஆழத்தை அளந்து, இரு பக்கத்துக்கும் ஒரே கனத்தில் வெர்ஜின் ராடிலேயே புதிதாகக் கடையுங்கள். பொருத்தியதும் முதலில் காற்றழுத்தத்தில் சோப்பு நுரை போட்டுப் பாருங்கள். அமோனியா அதன் பிறகு. இரண்டு நாள் கழித்து போல்ட்டுகளை ஒரு முறை சரிபார்த்துவிட்டு இங்கே எழுதவும்.